ரோவர் பி4, 3 லிட்டர், பி5பி: முதலில் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி போன் செய்தான். கவென்ட்ரி பக்கம் வேலை பார்க்கிறான், சொந்த ஊர் திண்டுக்கல். "அண்ணே, பழைய ரோவர் ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேன். நாலு வண்டி பாத்து வச்சிருக்கேன், எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இதே குழப்பத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கே போடுகிறேன்.

அவன் பார்த்து வைத்திருக்கிற நான்கு வண்டிகள் இவை. எல்லாம் ரோவர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கார்கள். பி4, பி5, பி6 என்பவை கம்பெனி வைத்த மாடல் குறியீடுகள்; 3 லிட்டர் என்பது பி5, அதற்கே வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்டது பி5பி. சலூன் என்றால் கூரை உயர்ந்த சாதாரணக் கார், கூபே என்றால் கூரை தாழ்ந்தது. 1961-ஆம் வருடத்து பி4, அதில் 100 என்ற மாடல். 1966-ஆம் வருடத்து 3 லிட்டர் மார்க் 3 (மூன்றாவது பதிப்பு) சலூன், கையால் கியர் போடுவது. 1970-ஆம் வருடத்து பி5பி கூபே. 1971-ஆம் வருடத்து பி5பி சலூன். ஐந்தாவதாக, இதெல்லாம் எதற்கு, பேசாமல் பி6 எடு என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதையும் கடைசியில் பார்ப்போம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் பானெட்டைத் திறந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வி8 என்று கேட்டதுமே பாதி முடிவு முடிந்துபோகிறது. இந்த ரோவர் வரிசைக்கு அது ஒத்து வராது என்பது என் அனுபவம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் சொலிஹல் ஊரிலுள்ள ரோவர் தொழிற்சாலையில் கட்டிய இந்தப் பெரிய சலூன்கள் டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர், மந்திரி போன்றவர்களை மனதில் வைத்துக் கட்டியவை. அதில் பாதிப் பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்தத் தம்பியின் அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு கோடையிலும் வந்து மூன்று மாதம் தங்குகிறார்கள், அவர்களை உட்காரவைத்து நாலு இடம் காட்டத்தான் கார் என்று அவனே சொன்னான். அப்படியானால் முதலில் பின் கதவைத் திற, ஏறி உட்கார், அப்புறம் இறங்கி வண்டிக்கு அடியில் படு. இன்ஜின் மூன்றாவதாக வரட்டும்.

பி4-இலிருந்து ஆரம்பிக்கிறேன். 1949-இல் 75 என்ற பெயரில் வந்தது. போர் முடிந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது, பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு, கார் கம்பெனிகளுக்கு அளந்து அளந்துதான் கொடுத்தார்கள். அலுமினியம் அப்படியில்லை, விமானத் தொழிற்சாலைகள் வேலையைக் குறைத்ததால் தாராளமாகக் கிடைத்தது. அதனால்தான் அதே கம்பெனியின் லேண்ட் ரோவர் 1948-இல் பர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவை உடம்போடு வந்தது, பி4-இன் கதவுகள், பானெட், டிக்கி மூடி எல்லாமே அதே பர்மாப்ரைட்டில்தான் வந்தன. கடைசிக் காலத்துக் கார்களில்தான் இவை இரும்புக்கு மாறின. தம்பி பார்த்திருக்கும் 1961 வண்டியில் அலுமினியம்தான் இருக்கும், காந்தம் ஒட்டவில்லை என்று பயந்துவிடக் கூடாது.

உருவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. போருக்குப் பிந்தைய ஸ்டூடிபேக்கர் கார்களைப் பார்த்து ரோவர்காரர்கள் அசந்துபோய், இரண்டை விலைக்கு வாங்கி வந்து, அதில் ஒன்றின் பாடியைத் தங்கள் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேலேயே ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்து 75-க்கு முன் கிரில்லின் நடுவே ஒற்றை விளக்கு இருந்தது, ஒற்றைக்கண் அரக்கன் பெயரைச் சொல்லி அதை சைக்ளாப்ஸ் என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் முகம் சுளித்த கார் அது. பதினைந்து வருடம் கழித்து 1964-இல் நிறுத்தும்போது அதே காருக்கு அத்தை ரோவர் என்று பட்டப்பெயர் வந்துவிட்டிருந்தது, அவ்வளவு குடும்பப்பாங்கு. மொத்தம் ஏறக்குறைய 1,30,000 வண்டிகள் கட்டினார்கள். 60, 75, 80, 90, 95, 100, 105, 110 என்று எண்கள் குழப்பும், ஆனால் 100-ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பேன். காரணம் இன்ஜின். அதற்கு முந்தைய ஆறு சிலிண்டர் மாடல்களில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க நான்கு பேரிங்தான் இருந்தன, 100-இல் ஏழு. 3 லிட்டர் காருக்காகச் செய்த இன்ஜினையே ஸ்ட்ரோக்கைக் குறைத்து 2,625 சிசியாக இதில் போட்டார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், கூடவே ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்), இரண்டும் கம்பெனியிலிருந்தே வந்தவை. ஓவர்டிரைவை இழுத்துவிட்டால் மோட்டார்வேயில் மணிக்கு 65, 70 மைலில் முனகாமல் போகும்.

பின் சீட்டுக்கு வருவோம். பி4-இன் பின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கிறது, அதாவது கதவு எதிர்த்திசையில் திறக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கதவு இன்றுவரை எந்தக் காரிலும் நான் பார்க்கவில்லை. என் அம்மா வந்திருந்தபோது ஒரு நண்பரின் 100-இல் ஏறினார். நாற்காலியில் உட்கார்வது போல முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்து வைத்தார். யாரும் கை கொடுக்கவில்லை. புதுக் கார்களில் தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலை இழுக்கும்போது வரும் அந்த "அம்மா" என்ற சத்தம் அன்றைக்கு வரவே இல்லை. இருக்கை உயரம், ஜன்னல் வழியே வயல்வெளியை நேராகப் பார்க்கலாம். தோலும் மரமும் கலந்த அந்த வாசனையில் அம்மா அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார்.

ஓட்டுகிறவருக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்கள் உண்டு. டேஷ்போர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் மீட்டரின் முள் நகர்ந்து இன்ஜின் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், பானெட்டைத் திறந்து குச்சியை உருவ வேண்டாம். பெட்ரோல் தீரப்போகும்போது ரிசர்வுக்கு மாற்ற தனியாக ஒரு குமிழ். டேஷ்போர்டுக்கு அடியில் இழுப்பறை போல வெளியே வரும் ஒரு தட்டு, அதில் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதனதன் பள்ளத்தில் படுத்திருக்கும். வாங்கப்போகும்போது அந்தத் தட்டை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். அறுபது வருடம் கழித்தும் அதில் எல்லாம் இருந்தால் அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பவர் ஸ்டீரிங் கிடையாது. சுமார் ஒன்றரை டன் வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள் பேசும். வளைவில் வேகமாகப் போனால் சாயும். பானெட் நீளம், முகப்பு எங்கே முடிகிறது என்று பழக ஒரு வாரம் ஆகும். இத்தனைக்கும் நடுவே பி4-இன் பெரிய பலம் தனி சேஸிஸ். பாடி தனியாக, சேஸிஸ் தனியாக இருப்பதால் துருப் பிடித்தாலும் எங்கே பிடித்தது என்று பார்த்து, வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்கும் கைகளும், பின் ஸ்பிரிங் சேரும் இடமும்தான் முதலில் போகும். வீட்டுக் கொட்டகையில் தானே வேலை செய்யும் ஆசை இருந்தால் இதைவிட நல்ல குரு கிடைக்காது.

அடுத்தது பி5. 1958-இல் 3 லிட்டர் என்ற பெயரில் வந்தது, எம்1 மோட்டார்வே திறப்பதற்கு ஒரு வருடம் முன்னால். முதலில் பி4-ஐவிடச் சின்ன காராகத்தான் யோசித்தார்கள், திட்டம் மாறி மாறி பி4-ஐவிட 20 சென்டிமீட்டர் நீளமான, 4.74 மீட்டர் காராக முடிந்தது. டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர் ரோவருக்காக முழுமையாக வரைந்த முதல் கார் இது. அவர் முதலில் வரைந்து காட்டியதை ரோவர் நிர்வாகத்திலிருந்த மாரிஸ் வில்க்ஸ் ஏற்கவில்லை, தெருவில் போகிறவர் தலை திருப்பிப் பார்க்கும்படியான காரை ரோவர் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு வந்ததுதான் இப்போது நாம் பார்க்கும் அந்த அகன்ற, தணிந்த, கோட்டுப் போட்ட நீதிபதி போன்ற உருவம். வில்க்ஸ் ஆசைப்பட்டபடியே அது சத்தம் போடாத உருவம், ஆனால் இன்றைக்கு எந்தத் தெருவில் நிறுத்தினாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பி4-இலிருந்து இதில் மாறிய முக்கியமான விஷயம், தனி சேஸிஸ் போய்விட்டது. பாடியே சேஸிஸ். முன்பக்கம் மட்டும் ஒரு சப்ஃப்ரேம், அதில் இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் உட்கார்ந்திருக்கும், அதை ரப்பர் வைத்து பாடியோடு சேர்த்திருக்கிறார்கள். சாலையின் அதிர்வும் இன்ஜினின் அதிர்வும் அந்த ரப்பரில் நின்றுவிடும். ஆறு சிலிண்டர் 3 லிட்டரை நன்றாக வைத்திருந்தால் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை, பலமுறை எனக்கே நடந்திருக்கிறது.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2,995 சிசி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கின்றன. ரோவர் இந்த அமைப்பைப் பல வருடம் விடாமல் பிடித்திருந்தது. அமைதிக்கும் மென்மைக்கும் ஒரு காரணம் இதுதான், தொந்தரவுக்கும் இதுதான் காரணம். மற்ற இன்ஜின்களில் வால்வு போனால் ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெஷின் ஷாப்புக்குப் போய்விடலாம். இதில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் பிளாக்கிலேயே இருப்பதால் அது தேய்ந்தாலோ எரிந்தாலோ முழு இன்ஜினையும் இறக்க வேண்டி வரும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தவை இவை. பிரிட்டனில் அது நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் டேங்கில் ஈயத்துக்குப் பதிலான கலவை ஊற்றித்தான் ஓட்ட வேண்டும். பி4 100-க்கும் இதே கதைதான், இரண்டும் ஒரே குடும்பம்.

வேகம் என்று பார்த்தால், 115 குதிரைத்திறன் கொண்ட ஆரம்பத்துக் கார் மணிக்கு 100 மைலைத் தொடத் திணறும். 1962-இல் மார்க் 2 வந்தபோது வெஸ்லேக் என்பவரின் யோசனைப்படி ஹெட்டை மாற்றி 134-க்கு ஏற்றினார்கள். தம்பி பார்த்திருக்கும் 1966 மார்க் 3 அதற்கும் பிந்தையது, ஆறு சிலிண்டர்களில் கடைசி, என் கண்ணில் சிறந்தது. அதுவும் கையால் கியர் போடுவது, ஓவர்டிரைவோடு. ஆட்டோமேட்டிக் போட்ட 3 லிட்டர் கொஞ்சம் மந்தம், அந்த எடைக்கு அந்த இன்ஜின் கியர் பெட்டியிலேயே பாதி மூச்சை விட்டுவிடும். சந்தையில் 3 லிட்டருக்குக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் வி8 பின்னால் போவதால் நல்ல 3 லிட்டர் மலிவாகக் கிடைக்கும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் சொந்தக் கதை. நான் முதலில் வாங்கியது ஒரு 3 லிட்டர். பெயின்ட் கண்ணாடி மாதிரி, தோல் இருக்கை ஒரு கீறல் இல்லை, இன்ஜின் வெண்ணெய். விற்றவர் பழைய கார் வியாபாரம் செய்பவர், நன்றாகப் பேசினார். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற இரும்புப் பெட்டியைத்தான் சில் என்கிறார்கள். தனி சேஸிஸ் இல்லாத காரில் அதுதான் முதுகெலும்பு. அதை நான் காலால்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக் வைத்துத் தூக்கினேன். கார் ஏறவில்லை, ஜாக் மட்டும் உள்ளே ஏறியது, நறநறவென்று ஒரு சத்தம், பிறகு காய்ந்த மண் மாதிரி ஏதோ கொட்டியது. குனிந்து எடுத்துப் பார்த்தால் பட்டி. கை அகலத்துக்குப் பட்டி வைத்து, தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். இரண்டு பக்க சில்லும், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடமும் வெட்டிப் புதிதாகப் போட, கார் வாங்கிய விலைக்கு மேல் செலவானது. அன்றிலிருந்து பி5 குடும்பத்து எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் பெயின்டைப் பார்ப்பதே இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்று (பட்டி வைத்த இடத்தில் அது ஒட்டாது), டார்ச் ஒன்று, படுக்க ஒரு பழைய போர்வை. இவைதான் முதலில்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். சொந்தக்காரரின் அனுமதியோடு ஒரு பக்கத்தைச் சரியான ஜாக் புள்ளியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூட வேண்டும். தரையில் இருந்தபோது சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால், அல்லது கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறினால், முதுகெலும்பு வளைகிறது என்று அர்த்தம். அந்தக் காரை எவ்வளவு பிடித்திருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

சரி, வி8. இதன் கதையைச் சொல்லாமல் பி5பி-ஐப் பற்றிப் பேச முடியாது. பெயரின் கடைசியில் உள்ள பி (B) ப்யூக் (Buick) என்ற அமெரிக்கக் காரைக் குறிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1961-இல் ப்யூக் கார்களுக்காக முழு அலுமினியத்தில் ஒரு சின்ன வி8 செய்து, மூன்று வருடத்தில் கைவிட்டுவிட்டது. ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் விஸ்கான்சின் மாநிலத்தில் மெர்க்குரி என்ற படகு இன்ஜின் கம்பெனிக்கு வேறு வேலையாகப் போனபோது, அங்கே ஒரு மூலையில் இந்த இன்ஜின் கிடப்பதைப் பார்த்து அளவெடுத்தார். 1965 ஜனவரியில் உரிமம் கையெழுத்தானது. ப்யூக்கில் இந்த இன்ஜினை உருவாக்கிய ஜோ டர்லேயையே இங்கிலாந்துக்கு வரவழைத்துக்கொண்டார்கள். 3,528 சிசி, ஏறக்குறைய 160 குதிரைத்திறன், அதுவும் பழைய ஆறு சிலிண்டரைவிட 90 கிலோ அளவுக்கு எடை குறைவு. 1967-இல் பி5-க்குள் அதை இறக்கியபோது, பத்து வருடமாக நல்ல உடம்பும் பலவீனமான இதயமுமாக இருந்த கார் எழுந்து நின்றது. மணிக்கு 110 மைல் போகும். மூக்கில் எடை குறைந்ததால் வளைவில் திரும்புவதும் மேம்பட்டது. பவர் ஸ்டீரிங் எல்லாவற்றிலும் உண்டு, கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

இந்த வி8 பிறகு ரேஞ்ச் ரோவர், மார்கன், எம்ஜி என்று போகாத இடமில்லை, 2000-க்குப் பிறகும் லேண்ட் ரோவர் கார்களில் வந்தது. அதனால் உதிரி பாகம் ஒரு பிரச்சினையே இல்லை. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின். ஹெட் அலுமினியம் என்பதால் வால்வு உட்காரும் வளையங்கள் கடினமான உலோகத்தில் தனியாகப் பதித்தவை, ஈயமில்லாத பெட்ரோல் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிடும், சத்தமில்லாமல் சக்தி குறையும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் அலுமினியம் உள்ளுக்குள் அரித்துவிடும். இன்னொன்று, கம்ப்ரெஷன் 10.5, அன்றைக்கு ஐந்து நட்சத்திரப் பெட்ரோல் என்று விற்ற 100 ஆக்டேனுக்காக அமைத்தது. இப்போது சூப்பர் பெட்ரோல் போட்டு, டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்து ஓட்டுகிறோம். ஒரு கேலனுக்கு 16 முதல் 18 மைல்தான் தரும், அதில் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் காரில்தான் பிரதமர்கள் போனார்கள். ஹரால்ட் வில்சன் பைப் பிடிப்பவர், அவருடைய காரில் அதற்கென்று தனி ஆஷ்ட்ரே வைத்துக் கொடுத்தார்கள். 1973-இல் பி5பி-ஐ நிறுத்தியபோது கடைசி வண்டிகளில் ஒரு தொகுதியை அரசாங்கமே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டது. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் முதன்முதலாகப் பிரதமராக டவுனிங் தெருவில் வந்து இறங்கியதும் பி5பி-இலிருந்துதான், உற்பத்தி நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. எலிசபெத் ராணி தானே ஓட்டிக்கொண்டு போகவும் ஒரு பி5பி சலூன் வைத்திருந்தார். இத்தனை பேருக்கு அடுத்த கார் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பி8 என்ற பெயரில் இதற்கு வாரிசாக ஒரு பெரிய காரைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் 1967-இல் ரோவர் லேலண்ட் என்ற லாரி கம்பெனியோடு சேர்ந்து, அடுத்த வருடம் ஜாகுவாரும் ரோவரும் ஒரே கூரைக்கு அடியில் வந்துவிட்டன. ஜாகுவார் எக்ஸ்ஜே6-க்குப் போட்டியாகத் தன் வீட்டிலேயே இன்னொரு காரா என்ற கேள்வி எழுந்தது, 1971-இல் பி8-ஐ மூடிவிட்டார்கள். அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இந்த வரிசை அதோடு நின்றுபோனது. 1976-இல் வந்த ரோவர் எஸ்டி1 நல்ல கார்தான், ஆனால் மந்திரியைப் பின்னால் வைத்து ஓட்டும் காரின் குணம் அதில் கிடையாது.

இப்போது தம்பியின் உண்மையான போராட்டம். கூபேயா, சலூனா?

கூபே என்றால் இரண்டு கதவு என்று நினைக்க வேண்டாம், இதற்கும் நாலு கதவு. 1962-இல் டேவிட் பேச் சலூனின் கூரையை ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் தாழ்த்தி, தூண்களை மெலிதாக்கி, கண்ணாடியைச் சாய்த்தார். நாலு கதவு கூபேயை 2000-க்குப் பிறகு ஜெர்மன்காரர்கள் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்றார்கள், சொலிஹல் அதை நாற்பது வருடம் முன்பே செய்துவிட்டது. அழகு என்று கேட்டால் கூபேதான், அதில் பேச்சே இல்லை. பக்கவாட்டிலிருந்து மாலை வெயிலில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பி5பி-இல் சலூன் 11,501, கூபே 9,099 என்று கட்டினார்கள். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் இன்றைக்குக் கூபேக்கு விலை அதிகம், நல்லதும் கெட்டதும் ஒரே விலைக்குக் கேட்கிறார்கள்.

ஆனால் பின்னால் ஏறி உட்கார்ந்து பார். அந்த ஆறு சென்டிமீட்டர் எங்கிருந்து போனது என்று உன் தலைக்குத் தெரியும். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். சலூனில் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்கலாம். கூபேயில் உட்கார்ந்தால் கூரைத் துணி முடியைத் தொடுகிறது, ஜன்னல் கோடு கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, வெளியே பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. ஏறும்போது தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். முன் சீட்டில் மட்டும் இரண்டு பேர் போகிற வீடு என்றால் கூபே எடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்பா, அம்மாவோடு ஏரி மாவட்டத்துக்கும் வேல்ஸுக்கும் போகப்போகிறவனுக்குச் சொல்ல மாட்டேன். விலை வித்தியாசத்தில் சலூனின் சில்லையும் பின் ஸ்பிரிங் இடத்தையும் சரிசெய்துவிடலாம்.

பி6-ஐப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1963-இல் 2000 என்ற பெயரில் வந்த அற்புதமான கார், ஐரோப்பாவின் வருடத்துச் சிறந்த கார் என்ற விருது ஆரம்பித்தபோது முதல் விருதே இதற்குத்தான். அடியில் ஒரு எலும்புக்கூடு, அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய தகடுகள். 1968-இல் இதே வி8-ஐப் போட்டு 3500 வந்தது. ஓட்டுகிறவனுக்கு இந்த வரிசையிலேயே இதுதான் சுகம், வளைவில் பி5பி-ஐ எங்கோ விட்டுவிடும். ஆனால் பின்னால் இரண்டு பேருக்கு மட்டும் குழிவாகச் செய்த இருக்கை, டிக்கி சின்னது, திண்டுக்கல்லிலிருந்து வருகிற இரண்டு பெட்டிகளுக்கு இடம் போதாது. பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன, பேட் மாற்றவே படுத்துப் புரள வேண்டும். இது வேறு வகைக் கார், வேறு தேவைக்கு. அதே காலத்து வேறு பிரிட்டிஷ் கார்களான ஹம்பர் சூப்பர் ஸ்னைப், ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் எல்லாம் பார்க்கலாமே என்றும் தம்பி கேட்டான். இரண்டும் பெரிய, திடமான கார்கள்தான், ஆனால் ரோவருக்கு இருக்கிற உதிரி பாக வசதியும் கிளப் ஆதரவும் இருந்தால் முதல் பழைய கார் வாங்குகிறவன் தூங்க முடியும்.

காகித விஷயங்கள் நான்குக்கும் ஒன்றுதான். நாற்பது வருடம் தாண்டியவை என்பதால் ஹிஸ்டாரிக் வகையில் பதிந்தால் சாலை வரி கிடையாது, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை, எம்ஓடி என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. எம்ஓடியை மட்டும் வருடா வருடம் தானாகப் போய்ச் செய்துகொள்வது நல்லது. பிரேக் லைனை ஒரு அந்நியர் கண் பார்க்கட்டும், அப்பா அம்மா உட்காருகிற கார். 2021-க்குப் பிறகு பங்கில் சாதாரணமாகக் கிடைக்கும், எத்தனால் அதிகம் கலந்த ஈ10 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, எத்தனால் குறைந்த, சூப்பர் என்று விற்கும் ஈ5-ஐத்தான் போட வேண்டும்.

ஆக, தம்பி, என் முடிவு இது. முதலில் 1971 பி5பி சலூனைப் போய்ப் பார். சில் கெட்டியாக இருந்தால், பெயின்ட் மங்கியிருந்தாலும் தோல் வெடித்திருந்தாலும் அதையே எடு. பெயின்டும் தோலும் உன் நேரத்துக்கு, உன் காசுக்குத் தகுந்தபடி மெதுவாகச் செய்துகொள்ளலாம். அதன் அடி சரியில்லை என்றால் கூபேக்கு ஓடாதே, 1966 மார்க் 3-ஐப் போய்ப் பார். வி8 இல்லை என்று மனம் கேட்காது, ஆனால் அதே பின் சீட்டு, அதே கதவு, அதைவிட அமைதி, அதைவிடக் குறைந்த விலை. நீ வேகத்தைப் பற்றி என்னிடம் ஒரு தடவைதான் கேட்டாய், அப்பாவின் முழங்காலைப் பற்றி மூன்று தடவை சொன்னாய். வாங்கும் முன் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல், ஆறு சிலிண்டரும் சமமாக இருக்கிறதா என்று கம்ப்ரெஷன் பார்க்கச் சொல், ஒன்றில் மட்டும் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு என்று சந்தேகப்படு. இரண்டும் சரிப்படவில்லை என்றால் பி4 100. அதை எடுத்தால் வருடத்துக்குச் சில வார இறுதிகளைக் கொட்டகையில் கழிக்கத் தயாராக இரு, நானும் ஸ்பானரோடு வருகிறேன்.

சனிக்கிழமை காலை போவதாகச் சொன்னாய். மழை பெய்தால் போகாதே, ஈரத்தில் எல்லாப் பெயின்டும் புதுசாகத் தெரியும். காந்தம், டார்ச், போர்வை எடுத்துக்கொள். அப்பா இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு போ. ஒன்றும் சொல்லாமல் பின் கதவைத் திறந்து விட்டு, அவர் எப்படி ஏறுகிறார், எப்படி இறங்குகிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.